களவும் கற்று மற

"களவும் கற்று மற" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையிலே ஒருநாள் இப்பழமொழியைப் பற்றி விவாதமொன்று மூண்டது. "பாடமே பிழை," என்றார் தமிழாசிரியர். "'களவும் கத்தும் மற' என்றுதான் முன்னோர் சொல்லியிருக்க வேண்டும். கத்து என்பது பொய். களவையும் பொய்யையும் மறந்துவிடு என்பதே கருத்து. மறப்பதற்கென்றால் கற்பானேன்?" கணித ஆசிரியர் இதற்கு உடன்படவில்லை. "கள்ளனுடைய வழி தெரியாதவன் வீட்டுக்குக் காவல் இருப்பது எப்படி? கற்கத்தான் வேண்டும், கற்றபின் செய்யாது விடவேண்டும். அதுதான் பொருள்," என்று அவர் வாதிட்டார். பாடவேளை மணி ஒலித்தது. இருவரும் சிரித்துக்கொண்டே தத்தம் வகுப்புகளுக்குச் சென்றனர்.

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அவ்விரு பொருள்களுள் எது சரி என்பது அப்பொழுது எனக்கு வெறும் பாடபேத ஆராய்ச்சியாக இருக்கவில்லை. என் மாணவன் ஒருவனுக்கு நான் ஒரு விடை சொல்லக் கடமைப்பட்டிருந்தேன். அந்த விடை என்னிடம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலை ஒன்றிலே கணனிக் கல்வி புகட்டுவது என் தொழில். அந்த விவாதத்துக்குச் சில கிழமைகளின் முன்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடசாலை விட்டபின் கணனிக் கூடத்துக்கு வந்தான். கூர்மையான புத்தியுடையவன். "சேர், ஒரு சாமான் காட்டட்டே?" என்று கேட்டுவிட்டு, என் மறுமொழிக்குக் காத்திராமலே கணனியின் முன் அமர்ந்தான். சிறிது நேரத்தில் திரையிலே நீண்ட பெயர்ப்பட்டியல் ஒன்று தோன்றியது. அஃது எங்கள் ஊரிலுள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்றின் பதிவேடு. ஏறக்குறைய நானூறு மாணவரின் பெயர், முகவரி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம், செலுத்திய கட்டணம், செலுத்தாத நிலுவை யாவும் அதிலே வரிசையாக இருந்தன. அந்நிலையத்தார் வைத்திருந்த கடவுச்சொல், நிலையத்தின் பெயரும் அது தொடங்கிய ஆண்டுமே. அதனை ஊகித்தறியத் தனக்குப் பத்து நிமிடமும் செல்லவில்லை என்று அவன் பெருமையோடு சொன்னான்.

நான் அப்பொழுது செய்ததை மறைக்க விரும்பவில்லை. "கெட்டிக்காரன்!" என்றேன். அதன் பின்னரே, ஆசிரியன் என்ற நினைவு வந்தவனாய், "இனி உந்த வேலை வேண்டாம்," என்று சொல்லி அனுப்பினேன். மாணவர் காதிலே முதலில் விழும் சொல்லே தங்கும் என்பதை இத்தனை ஆண்டு கற்பித்தும் நான் உணர்ந்திருக்கவில்லை.

இரண்டு கிழமை சென்றது. அதே வகுப்பிலே படித்த மாணவி ஒருத்தி அந்தக் கல்வி நிலையத்துக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டாள். பாடசாலைக்கும் ஒழுங்காக வரவில்லை. வகுப்பாசிரியை வீட்டுக்குச் சென்று விசாரித்தபோது காரணம் வெளிப்பட்டது. அவளுடைய தந்தை கடற்றொழிலாளி. ஐந்து மாதக் கட்டணம் நிலுவையாக இருந்தது. நிலையத்தின் பொறுப்பாளர் அவர்களின் நிலையறிந்து, அதனை ஒருவருக்கும் சொல்லாது, பிள்ளையைத் தொடர்ந்து படிக்க விட்டிருந்தார். இப்பொழுது அச்செய்தி வகுப்பு முழுவதும் பரவியிருந்தது. என் மாணவன் ஒரு நண்பனுக்குச் சொன்னான்; நண்பன் மற்றவர்களுக்குச் சொன்னான். யாரோ ஒருவன் அவள் முன்னிலையிலே பரிகாசமாக ஏதோ கூறிவிட்டான்.

மாணவனை அழைத்து வினவினேன். அவன் அழவில்லை; மழுப்பவுமில்லை. "சேர், நான் ஒண்டும் எடுக்கேல்லை. ஒண்டையும் மாத்தவுமில்லை. பாத்தனான், அவ்வளவுதான்," என்றான்.

பார்த்தது குற்றமா? குற்றமாயின் எவ்வகையிற் குற்றம்? கள்ளாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறர் பொருளைக் கவர எண்ணுவதையே தீதென்றார். இவனோ ஒரு பொருளையும் கவரவில்லை, கவர எண்ணவுமில்லை. பதிவேடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயினும் ஒரு பெண் தன் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு வீட்டில் இருந்தாள். நான் "கெட்டிக்காரன்" என்று சொன்ன செயலின் பயன் அது.

*

பரீட்சைக்குப் படித்த கதை

அனுமதியின்றிக் கணனிக்குள் நுழையும் வித்தையை, அனுமதி பெற்று நுழைந்து காவலைச் சோதிக்கும் தொழிலாக ஆக்கி, அதற்குப் பாடத்திட்டமும் பரீட்சையும் வகுத்திருக்கின்றனர் என்பதை நான் முன்னரே அறிவேன். அத்தொழிலைக் கற்போர் மாணவன் கேட்ட கேள்விக்கு என்ன விடை சொல்கின்றனர் என அறிய விரும்பினேன். வார இறுதி வகுப்புகளிற் சேர்ந்தேன்.

இத்துறைச் சான்றிதழ்களுள் பெரிதும் அறியப்பட்டது 'சேர்ட்டிபைட் எதிக்கல் ஹக்கர்' என்பது. 'அறநெறி நிற்கும் ஊடுருவுநர்' என அதனைத் தமிழாக்கலாம். 2001 செப்டெம்பரில் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட பின்னர், அத்தகைய தாக்குதல் கணனி வலையமைப்பின் மீது நிகழ்ந்தால் என்னாகும் என்ற அச்சத்தின் விளைவாகத் தோன்றிய ஈ. சி. கவுன்சில் எனும் அமெரிக்க நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் இதனை வழங்கி வருகின்றது. நான்கு மணித்தியாலத்தில் 125 வினாக்கள். தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிதல் வேண்டும். சான்றிதழ் மூன்றாண்டுக்கே செல்லும். அதற்குள் தொடர்ந்து கற்றமைக்கான புள்ளிகளைச் சேர்த்தால்தான் புதுப்பிக்கலாம்.

இதனிலும் கடினமான பரீட்சைகள் உள. 'ஓ. எஸ். சி. பி.' எனப்படுவதிலே வினாத்தாளே இல்லை. பரீட்சார்த்தி முன்பின் அறியாத சில கணனிகள் தரப்படும். 23 மணித்தியாலம் 45 நிமிடத்துள் அவற்றின் காவலை உடைத்து உட்புகவேண்டும். அடுத்த 24 மணித்தியாலத்துள், புகுந்த வழியை அடிமுதல் முடிவரை அறிக்கையாக எழுதிக் கொடுக்கவேண்டும். உட்புகுந்தவனும் அறிக்கை சரியில்லையேல் தோல்வியுறுவான். என் வயதுக்கும் கண்ணுக்கும் அஃது இயலாதென விட்டு, முன்னையதற்கே ஆயத்தமானேன்.

பயிற்சி செய்யப் பிறர் கணனி எதுவும் தேவையில்லை என்பது எனக்குக் கிடைத்த முதற் படிப்பினை. ஒரே கணனிக்குள் பல மாயக் கணனிகளை அமைக்கும் மென்பொருள்கள் உண்டு. பயில்வோர் உடைத்துப் பார்க்கவென்றே, வேண்டுமென்று ஓட்டைகளோடு ஆக்கி இலவசமாக வழங்கப்படும் மென்பொருள்களும் உண்டு. என் பழைய கணனியிலே கள்ளனையும் வீட்டையும் நானே அமைத்து, இரவுதோறும் என் வீட்டை நானே உடைத்தேன். அதிலே ஒருவித இன்பம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பூட்டு திறக்கும் அக்கணத்தில் உண்டாகும் உவகை என் மாணவனுக்கு எப்படியிருந்திருக்கும் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. அவனைத் தீயவன் என எண்ண என்னால் முடியவில்லை.

பாடநூல் ஊடுருவலை ஐந்து படிகளாக வகுக்கின்றது. முதலாவது உளவு: தூரத்தில் நின்று இலக்கைப் பற்றி அறிவது. இரண்டாவது துழாவல்: எந்தக் கதவு, எந்த யன்னல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது. மூன்றாவது நுழைவு. நான்காவது, நுழைந்த இடத்தில் நிலைகொள்ளல். ஐந்தாவது, வந்துபோன தடத்தை அழித்தல். முதல் நான்கு படிகளிலே கள்ளனும் காவலனும் ஒரே வழியில் நடக்கின்றனர். ஒரே கருவிகளைக் கையாளுகின்றனர். ஐந்தாம் படியிலே வழி பிரிகின்றது. கள்ளன் தன் காலடிகளை அழிக்கின்றான். காவலன் தன் காலடி ஒவ்வொன்றையும் குறித்து, வீட்டுக்காரன் கையிலே கொடுக்கின்றான். தொழிலின் பயன் முழுவதும் அந்த அறிக்கையிலேயே இருக்கின்றது.

*

பூட்டுக்காரரின் பழைய வழக்கு

களவின் வழியைப் பொதுமக்களுக்குக் கற்பிப்பது தகுமா என்ற கேள்வி கணனியோடு பிறந்ததன்று. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே மாபெரும் கண்காட்சி நடந்தபோது, அல்பிரட் சாள்ஸ் ஹொப்ஸ் எனும் அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் அங்கு சென்றார். அந்நாளில் ஆங்கிலேயர் தங்கள் பூட்டுகளை வெல்ல எவராலும் முடியாதென நம்பியிருந்தனர். சப் கம்பெனியாரின் பெயர்பெற்ற பூட்டினை ஹொப்ஸ் ஏறக்குறைய 25 நிமிடத்தில் திறந்தார். பிக்கடிலித் தெருவிலே பிராமா கம்பெனியாரின் கடை யன்னலில் ஒரு பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவித்தலோடு பல்லாண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதனையும் 16 நாட்களிலே 51 மணித்தியாலம் உழைத்துத் திறந்துவிட்டார்.

நகரம் கலங்கியது. பூட்டின் குறைகளைப் பகிரங்கமாகப் பேசினால் திருடருக்குப் பாடம் நடத்தியதாகாதா எனப் பலர் கேட்டனர். 1853இல் அவர் பெயரில் வெளிவந்த பூட்டுக்கலை நூல் அதற்கு விடையிறுத்தது. திருடர் தம் தொழிலை நன்கறிவர்; நாம் கற்பிக்கக்கூடியதைக் காட்டிலும் அதிகமாக ஏற்கனவே அறிவர்; அறியாதிருப்பவர் பூட்டை விலைகொடுத்து வாங்கும் நேர்மையாளரே என்பது அந்நூலின் வாதம். கணனிக் காவலைச் சோதிப்போர் இன்றும் இதே வாதத்தைத்தான் முன்வைக்கின்றனர்.

ஹொப்ஸ் செய்ததிலே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிராமாவின் பூட்டை அவர் நள்ளிரவிலே திருட்டுத்தனமாகத் தொடவில்லை. உடையவர்களே அறைகூவல் விடுத்திருந்தனர். அவர்களுடைய சம்மதத்தோடும் நடுவர் முன்னிலையிலும் வேலை நடந்தது. என் மாணவனிடமும் அதே கைத்திறன் இருந்தது. அவனை ஒருவரும் அழைக்கவில்லை.

*

அனுமதி என்னும் ஒரு தாள்

நாங்கள் கற்ற பாடங்கள் யாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்த சொல் அனுமதி. எழுத்திலே அமைந்த அனுமதி. எந்தெந்தக் கணனிகள், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எவ்வெவ்வகைச் சோதனைகள் என எல்லை குறித்த அனுமதி. அத்தாள் கையில் இருந்தால் அவன் தொழிலாளி. இல்லையேல் குற்றவாளி. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டமும் இதனையே சொல்கின்றது. சட்டபூர்வமான அதிகாரம் இல்லையென அறிந்தும் வேண்டுமென்றே ஒரு கணனிக்குள் அணுகுவது, களவோ சேதமோ நிகழாவிடினும், தன்னளவிலே குற்றமாகும். சிறைத்தண்டனை ஐந்தாண்டு வரை செல்லலாம். "பாத்தனான், அவ்வளவுதான்" என்பதற்குச் சட்டம் அளிக்கும் விடை இது.

நல்ல எண்ணம் இருந்தால் என்ன என்று கேட்போர் உளர். அவர்கள் ரொபேட் மொறிசின் கதையை அறிதல் நன்று. அவர் கோர்ணெல் பல்கலைக்கழக மாணவர். தந்தையாரோ அமெரிக்க அரசின் கணனிக் காவல் நிலையத்திலே தலைமை விஞ்ஞானி. 1988 நவம்பர் 2ஆந் திகதி, தானாகப் பெருகிக் கணனிக்குக் கணனி தாவும் சிறு நிரல் ஒன்றை மகன் இணையத்திலே ஏவினார். அது கோப்புகளை அழிக்க எழுதப்பட்டதன்று. ஒரு கணனியிலே அதன் பிரதி முன்னரே இருந்தால் விலகிச் செல்லவேண்டும். ஆயினும் ஏமாற்றுவோரைத் தாண்டுவதற்காக ஏழிலொரு தடவை அதனைப் பொருட்படுத்தாது புகவேண்டும் என அவர் வகுத்திருந்தார். அந்த ஏழிலொன்று என்ற கணக்கே பிழைத்தது. பிரதிகள் கணனிகளுக்குள்ளே மலைபோற் குவிந்தன. அந்நாளைய இணையத்திலிருந்த ஏறக்குறைய 60,000 கணனிகளுள் 6,000 வரை செயலிழந்தன என மதிப்பிடப்பட்டது. 1990இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணித்தியாலச் சமூக சேவையும், 10,050 டொலர் குற்றப்பணமும் விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் எம். ஐ. ரி. எனப்படும் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பேராசிரியரானார். வாழ்க்கை அவருக்கு மறுவாய்ப்பு அளித்தது. எல்லோருக்கும் அவ்வாறு அளிக்கும் என எண்ணுதல் பேதைமை.

அனுமதித் தாள் இருந்தும் இடர்ப்பட்டோர் உளர். 2019 செப்டெம்பரிலே, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நீதிமன்றக் கட்டடமொன்றின் காவலைச் சோதிக்கும்படி அம்மாநில நீதித்துறை நிர்வாகமே ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. நள்ளிரவிலே உட்புகுந்த ஊழியர் இருவர், எச்சரிக்கை மணி ஒலித்ததும் ஓடவில்லை. பொலிசார் வரும்வரை காத்திருந்து கடிதத்தைக் காட்டினர். ஆனால் கட்டடம் மாவட்டத்துக்குரியது, மாநில நிர்வாகத்துக்கு அனுமதி கொடுக்க உரிமையில்லை என்றார் மாவட்டப் பொலிஸ் அதிகாரி. இருவரும் சிறையிலிடப்பட்டனர், வீடுடைத்த குற்றம் சாட்டப்பட்டது. 2020 ஜனவரியிலேதான் வழக்கு முற்றாகக் கைவிடப்பட்டது. அனுமதி கொடுப்பவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும் என்பது இத்தொழிலார் அன்று கற்ற பாடம்.

*

காவலர் ஏன் வேண்டும்?

இவ்வளவு இடர் இருப்பின் இத்தொழிலே வேண்டாமே என வாசகர் எண்ணலாம். நமது நாட்டையும் தொட்டுச் சென்ற நிகழ்ச்சியொன்றைக் கூறுகின்றேன். 2016 பெப்ரவரியிலே பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கிலிருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை எடுக்கக் கட்டளைகள் அனுப்பினர். பெரும்பாலான கட்டளைகள் தடுக்கப்பட்டன. எனினும் 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்று சூதாட்ட நிலையங்களிலே மறைந்தது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள கணக்கொன்றுக்கு அனுப்பப்பட்டது. பெறுபவரின் பெயரிலே 'பவுண்டேஷன்' என வரவேண்டிய ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடு வந்தமையால், இடைநின்ற வங்கியார் ஐயுற்று விளக்கம் கேட்டனர். பணம் திருப்பப்பட்டது. எழுத்துப் பிழைக்கு மாணவரைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர்களாகிய நமக்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

ஆனால் ஒரு நாட்டின் செல்வம் கள்ளனுடைய எழுத்துப் பிழையை நம்பியிருக்கலாகாது. வேலை கேட்டு வந்த விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்களே அவர்களுடைய முதற் கருவி என்பது பின்னர் அமெரிக்கப் புலனாய்வில் வெளிப்பட்டது. எந்த அலுவலகத்திலும் எழுதுவினைஞர் ஒருவர் இரக்கத்தோடு திறக்கக்கூடிய கடிதம் அது. கள்ளன் வருமுன்னரே, நம்பிக்கைக்குரிய ஒருவர் அதே வழியால் வந்து பார்த்துச் சொல்லியிருப்பின் எவ்வளவு நன்மை!

அத்தகைய ஒருவராக டான் கமின்ஸ்கி என்பாரைச் சொல்லலாம். இணையத்திலே நாம் எழுதும் பெயர்களை இலக்க முகவரிகளாக மாற்றித் தரும் பெயரேடு ஒன்று உண்டு. உலகமெங்கும் அதனைத் தாங்கி நிற்கும் கணனிகளை ஏமாற்றி, வங்கியின் பெயரை எழுதுபவனைக் கள்ளனுடைய வாயிலுக்கு அனுப்பக்கூடிய பெருங்குறை ஒன்றினை 2008இல் அவர் கண்டார். அதனைத் தீயோருக்கு விற்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். அவரோ அறிஞர் சிலருக்கு மட்டும் அறிவித்தார். மார்ச் 31ஆந் திகதி பல நிறுவனங்களைச் சேர்ந்த பதினாறு பேர் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் வளவிலே இரகசியமாகக் கூடினர். ஜூலை 8ஆந் திகதி, போட்டி நிறுவனங்கள் யாவும் ஒரே நாளிலே திருத்தத்தை வெளியிட்டன. உலகம் தன் பூட்டை மாற்றிக்கொள்ள ஒரு மாதம் வாய்திறவாதிருக்கும்படி கமின்ஸ்கி வேண்டினார். பதின்மூன்றே நாளில் வேறொருவர் வாயிலாக விபரம் கசிந்துவிட்டது. எனினும் அதற்குள் பல கணனிகள் காக்கப்பட்டுவிட்டன. 2021இல் தமது 42ஆவது வயதிலே அவர் காலமானார்.

*

பொற்கொல்லன் சொன்ன களவு நூல்

கொழும்புப் பரீட்சை நிலையத்திலே நான்கு மணித்தியாலம் அமர்ந்து எழுதிச் சித்தியும் பெற்றேன். மகிழ்ச்சி இருந்தது. ஆனால் வீடு திரும்பும் இரவுப் பயணத்திலே ஓர் எண்ணம் என்னை விட்டகலவில்லை. அந்த 125 வினாக்களுக்கும் ஒரு கள்ளனும் விடையெழுதியிருக்கலாம். நன்னெறி ஒப்பந்தத்திலே அவனும் கையொப்பம் இட்டிருக்கலாம்.

அப்பொழுது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நினைவுக்கு வந்தது. கோவலனைக் காணும் காவலர், இவன் தோற்றத்திலே கள்வனாக இல்லையே எனத் தயங்குகின்றனர். அவ்வேளை பொற்கொல்லன் நகைத்து, களவு நூலை அவர்களுக்கு விரித்துரைக்கின்றான். மந்திரம், மருந்து, காலம், கருவி முதலாகக் கள்வர் கைக்கொள்ளும் எட்டுத் துணைகளை வகுத்துக் கூறுகின்றான். சொன்னவை யாவும் சாத்திரத்துக்கு இயைந்தவையே. இன்றைய பாடநூலும் ஊடுருவுவோரின் வழிகளை இப்படித்தான் வகுக்கின்றது. ஆனால் அந்த அறிவைப் பேசியவனே அரசியின் சிலம்பைத் திருடியவன். கேட்டவர்களுக்கு அறிவில்லை, சொன்னவனுக்கு அறமில்லை. இடையிலே நின்ற குற்றமற்றவன் உயிரிழந்தான்.

களவின் இயல்பை அறிந்தவன் ஒருவனே, மற்றெவரும் அறியார் எனும் நிலை எவ்வளவு கொடியது என்பதை அக்காதையைப் போல உணர்த்துவது வேறில்லை. அக்காவலருள் ஒருவன் அந்நூலைக் கற்றிருந்தால், சொல்பவனையே ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பான். ஆகவே பலரும் கற்றல் வேண்டும். கற்பவரின் நெஞ்சைச் சான்றிதழ் அளந்து காட்டாது. அதனை உருவாக்கும் பொறுப்பு வீட்டுக்கும் பாடசாலைக்கும் உரியது. என்னைப் போன்று அவசரத்திலே "கெட்டிக்காரன்" என்று சொல்லிவிடும் ஆசிரியர்களுக்கும் உரியது.

*

மாணவனுக்குச் சொன்ன விடை

மாணவனையும் அழைத்துக்கொண்டு அந்தக் கல்வி நிலையத்துக்குப் பரீட்சைக்கு முன்னரே சென்றிருந்தேன். பொறுப்பாளர் முதலிலே பெருங்கோபங் கொண்டார். பொலிசுக்குப் போவதாகச் சொன்னார். அது அவருடைய உரிமை என்றேன். நான் பாராட்டியதையும் ஒளிக்காது கூறினேன். நெடுநேரம் மௌனமாயிருந்த பின், கடவுச்சொல்லை எப்படி மாற்றுவதென்று கேட்டார். மாணவியின் வீட்டுக்கும் இருவரும் சென்றோம். அவன் அவளுடைய தந்தையாரிடம் மன்னிப்புக் கேட்டான். "தம்பி, கடன் எங்கட கடன்தானே. அதை ஊரறிய நாங்களெல்லோ சொல்லவேணும்," என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அப்பெண் அந்நிலையத்துக்கு மீண்டும் செல்லவில்லை. பாடசாலைக்கு வந்தாள், மாலையில் எங்கள் ஆசிரியை ஒருவர் அவளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தார்.

நான் பாடநூல்களிலே தேடிய விடையை அந்தத் தந்தையார் இரண்டு வசனத்திலே சொல்லியிருந்தார். பரீட்சைக்குப் படித்தபோதுதான் அது முழுமையாக விளங்கியது. அனுமதியோடு புகுந்தவனும், கண்டதை உடையவருக்கன்றி வேறெவருக்கும் சொல்லலாகாது என்பது இத்தொழிலின் நெறி. பொருள் இருந்த இடத்திலே இருக்கலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் கண்ட மாத்திரத்திலே களவு போய்விடுகின்றது. அதனைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் இல்லை.

என் மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்திலே கணனி விஞ்ஞானம் பயில்கின்றான். சென்ற விடுமுறையிலே என்னைக் காண வந்தான். ஒரு நிறுவனத்துக்குப் பணஞ் செலுத்திப் பெற்ற பற்றுச்சீட்டை இணையத்திலே பார்த்தபோது, அதன் முகவரியின் இறுதியிலே வரிசை இலக்கம் ஒன்று இருந்ததாம். அதனை ஒன்று கூட்டிப் போட்டால் அடுத்தவருடைய பற்றுச்சீட்டு தோன்றிவிடும் என ஐயுற்றானாம்.

"போட்டுப் பாத்தீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை, சேர். போட்டால் அது நுழைஞ்சதாப் போயிடும். ஐயம் எண்டு மட்டும் எழுதி அனுப்பினனான்."

இரண்டு மாதமாக மறுமொழி வராமையால் மீண்டும் எழுதினான். 2006இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கணனி அவசர ஆயத்தக் குழுவினருக்கும் அறிவித்தான். அவன் ஐயம் சரியா என்பது அவனுக்கே இன்னும் தெரியாது. ஒரு விரலை அசைத்தால் தெரிந்திருக்கும். அசைக்காமல் இருந்தான்.

மறுநாள் ஆசிரியர் அறையிலே அந்தப் பழைய விவாதத்தை நானே தொடக்கினேன். "களவும் கற்று மற" என்ற பாடமே இருக்கட்டும் என்றேன். மறக்கவேண்டியது எது என்றார் தமிழாசிரியர். கற்ற வித்தையை மறக்கவேண்டியதில்லை. அதற்குக் காவல் வேலை இருக்கிறது. வித்தையால் காணக்கிடைத்த பிறர் அந்தரங்கத்தை மறக்கவேண்டும் என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். "பாடம் பிழைதான், பொருள் பிழையில்லை," என்றார். மணி ஒலித்தது.